லெகசி வேஸ்டுக்குத் தமிழில் என்ன? திங்களுக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு பேரூராட்சியின் குப்பைத் திட்டக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டு வாசலில் பிரித்து வாங்குவது, உரமாக்குவது, மறுசுழற்சிக்கு அனுப்புவது எல்லாம் முடிந்துவிட்டது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஊரே பேசுவதால் அங்கே எனக்குப் பெரிய வேலை இல்லை. மாட்டிக்கொண்டது நான்காம் அத்தியாயத்தில். ஊருக்கு வெளியே இருபது வருடமாகக் கொட்டிக் கிடப்பதை என்ன செய்வது என்று பேசும் அத்தியாயம். அதற்கு வரிக்கு வரி 'லெகசி வேஸ்ட்' (legacy waste).

எந்திரத்தில் போட்டால் 'பாரம்பரியக் கழிவு' என்கிறது. ஏதோ தாத்தா எழுதிவைத்த சொத்து மாதிரி. எனக்கு முன்னால் பாதி செய்தவர் 'மரபுக் கழிவு' என்று போட்டிருக்கிறார். படிக்கப்போவது மேற்பார்வையாளர்களும் தூய்மைப் பணியாளர்களும். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. கைகொடுங்கள்.

– ம.

* * *

அம்மா,

மரபு என்ற சொல்லைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டவரை நான் மன்னிப்பதாக இல்லை. தொல்காப்பியத்தில் ஓர் இயலுக்கே மரபியல் என்று பெயர்.

'தொல்குப்பை' என்று எழுதுங்கள். தொல்பொருள், தொல்லியல் போல. குப்பை என்றதும் நாம் மூக்கைப் பிடிக்கிறோம், ஆனால் அந்தச் சொல்லில் முதலில் நாற்றம் கிடையாது. குப்பை என்றால் குவியல். நற்றிணையில் உமணர் என்ற உப்பு வணிகர் கொண்டுபோகும் உப்பு குன்றுபோலக் குப்பையாகக் கிடக்கிறது. குவி, குவை, குப்பை, கும்பல் எல்லாம் ஒரு குடும்பம். என் கணக்கில் கூப்பிய கையும் அதே வேர்தான், விரல்கள் குவிவதால். இதை யாரும் இதுவரை மறுக்கவில்லை. (யாரிடமும் நான் கேட்டதில்லை என்பது வேறு.)

கழிவு என்ற சொல்லே இங்கு ஆகாது. கழிதல் என்றால் நீங்குதல். இருபது வருடமாக நீங்காமல் கிடப்பதைக் கழிவு என்பது பொருட்பிழை.

– புலவர்

* * *

ஐயா, தொல்குப்பை என்றால் கீழடிபோல ஏதோ தோண்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால் நாங்கள் செய்வதும் தோண்டுவதுதான்!

ம. அக்கா, நான் இந்த வேலையில் இருப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 2016 திடக்கழிவு விதிகளில் பழைய கொட்டுமிடங்களைச் சரிசெய்ய ஐந்து வருடம் கெடு வைத்தார்கள். 2019இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதற்கென்றே ஒரு வழிகாட்டியும் போட்டது. மேட்டைக் கிளறி, வரப்பு வரப்பாக அணைத்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சில வாரம் புரட்டிப் புரட்டிப் போடுவோம். ஈரம் வற்றியதும் டிராமல் என்ற உருளைச் சல்லடையில் விட்டால் மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம். கடைசியில் சொன்னது எரிபொருளாகச் சிமெண்ட் ஆலைக்குப் போகும். இதுதான் பயோமைனிங். சென்னையில் பெருங்குடிக் கிடங்கில் செய்ததும் இதுதான், சின்ன ஊரில் நடப்பதும் இதுதான்.

சொல்லில் பழமை மட்டும் இருந்தால் போதாது என்பது என் கவலை. அதே இடத்துக்குத் தினமும் காலையில் வண்டி வருகிறது. மேட்டை அளந்து ஒப்பந்தக்காரருக்குக் காசு கொடுப்பது அங்கே முன்னாலிருந்தே கிடப்பதற்கு மட்டும்தான். இன்று காலை வந்ததையும் சேர்த்து அளந்தால் கணக்கு கெட்டது. அதனால் இரண்டையும் பிரிக்கிற வேலி அந்தச் சொல்லிலேயே இருக்க வேண்டும். 'தேங்கு குப்பை' சரிவருமா?

– கோவை க.

* * *

தேங்குவது தண்ணீர். குப்பை தேங்காது, சேரும்.

– புலவர்

* * *

டெண்டரில் லெகசி வேஸ்ட், கூட்டத்தில் லெகசி வேஸ்ட், சல்லடைக்குப் பக்கத்தில் நிற்பவர் வாயிலும் 'டிராமல்'. அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். நாம் இங்கே சொல் செய்து முடிப்பதற்குள் அந்த மேடு இன்னும் இரண்டு அடி ஏறியிருக்கும்.

– ச.

* * *

ச. சொல்வதில் பாதி உண்மை. டிராமலைக் கண்ணால் பார்த்துத் தொட்டு ஓட்டுகிறார்கள், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லெகசி அப்படி இல்லை. போன மாதம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் ஒரு அம்மா, "அது என்ன சார், லெஸ்ஸி வேஸ்ட்டா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மற்றவர்களுக்கும் அது தெரியவில்லை.

– கோவை க.

* * *

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் திடக்கழிவு மேலாண்மை எங்களிடம் திண்மக் கழிவு முகாமைத்துவம். உங்கள் மறுசுழற்சி எங்களுக்கு மீள்சுழற்சி. மக்கும் குப்பை இங்கே உக்கும் கழிவு. ஆகவே நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் இங்கே இன்னொரு தடவை சண்டை பிடிப்போம், அது இருக்கட்டும்.

2017 ஏப்ரல் 14, வருடப்பிறப்பு அன்று, கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்று எல்லோருக்கும் 'குப்பைமேடு' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அது பழையதா, மரபா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேட்டில் கிடப்பது என்பதுதானே விஷயம்? அப்படியென்றால் 'மேட்டுக்குப்பை' என்று சொல்லலாம். வீட்டில் இருந்து வருவது வீட்டுக்குப்பை. க. கேட்ட வேலியும் வந்துவிடும்.

– வ.

* * *

அக்கா, இது பிரமாதம். வீட்டுக்குப்பை, மேட்டுக்குப்பை. சுவரிலேயே எழுதலாம். என் ஓட்டு இதற்கு.

– கோவை க.

* * *

அவசரப்படாதீர்கள். மேட்டுக்குப்பம் என்பது வடலூருக்குப் பக்கத்தில் வள்ளலார் 1874இல் சித்தியடைந்த ஊர். ஓரெழுத்து மாற்றிக் குப்பை என்று சுவரில் எழுதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குப்பத்துக்கும் குப்பைக்கும் உள்ள உறவைத் தனி மடலில் எழுதுகிறேன், அது நீளம். (வீடுகள் குவிந்த இடம் குப்பம்.)

இன்னொன்று. நம் ஊரில் அதை மேடு என்பவர்கள் குறைவு, குப்பைக் கிடங்கு என்பார்கள். பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி, அதாவது பள்ளம். பள்ளத்தின் பெயரை மேட்டுக்கு வைத்துவிட்டு அதைத் தோண்ட வழி கேட்கிறோம்!

தொல்குப்பை வேண்டாம் என்றால் பழங்குப்பை. பழமை + குப்பை: ஈறுபோதலால் 'மை' போகும், இனமிகலால் 'ங்' வரும். கருங்கல் எப்படியோ அப்படி. பழங்கடன், பழங்கஞ்சி எல்லாம் வழக்கில் இருப்பவைதானே.

– புலவர்

* * *

ஐயா, பழங்குப்பையை என் வீட்டில் படித்துக் காட்டினேன். "வாழைப்பழத் தோலா?" என்றார்கள்.

– ச.

* * *

கனி என்றால் அது பழக்குப்பை, வல்லினம் மிகும். பழங்குப்பை வேறு. இலக்கணம் தெளிவாக இருக்கிறது.

– புலவர்

* * *

இலக்கணம் தெளிவாகத்தான் இருக்கிறது. வண்டியில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வைத்திருப்பவர் இனமிகலைப் பார்த்துக் குப்பையைப் பிரிக்கப்போவதில்லையே.

– ச.

* * *

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் அந்த ஊர் மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். நீங்கள் எல்லாம் எதைச் சொல்வீர்கள் என்று கேட்டால், "பழசும்மா. கிடங்குல கிடக்கிற பழசு" என்றார். புதிதாக வருவதை? "அது இன்னிக்குக் குப்பை." அவ்வளவுதான். அவர்களுக்குள் வேலி ஏற்கெனவே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

'பழைய குப்பை' என்றே போடலாம் என்று இருக்கிறேன். ஒரே உறுத்தல்: தெருவில் "பழைய பேப்பர், பழைய இரும்பு" என்று கூவி வருகிறாரே, அவர் வாங்குவதும் பழையதுதான். இரண்டாம் அத்தியாயத்தில் அவரும் வருகிறார். வீட்டில் கிடக்கும் பழைய சாமான்தான் பழைய குப்பை என்று யாராவது எடுத்துக்கொண்டால்? அதனால் அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு வரி: "கிடங்கில் பல ஆண்டுகளாகப் பிரிக்காமல் கொட்டிக் கிடப்பதையே இக்கையேடு பழைய குப்பை என்கிறது." அன்றாடம் வருவதற்கு 'அன்றாடக் குப்பை'. அளவெடுக்கும் பக்கத்தில் இரண்டையும் தடித்த எழுத்தில் போடுகிறேன், க. தம்பிக்காக. மேட்டுக்குப்பையைச் சுவரொட்டிக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

– ம.

* * *

சரி அக்கா. எனக்குச் சம்மதம், பாதி மனசோடு.

– கோவை க.

* * *

எனக்கும் ஓகே. லெகசி இல்லையென்றால் எதுவும் ஒன்றுதான்.

– ச.

* * *

'பழைய' என்பது குறிப்புப் பெயரெச்சம். ஒரு பெயரெச்சத்தை முன்னால் நிறுத்திவிட்டு அதைக் கலைச்சொல் என்பதா? அது விளக்கமே தவிர சொல் ஆகாது. நாளைக்கே யாராவது 'மிகப் பழைய குப்பை', 'ஓரளவு பழைய குப்பை' என்று எழுதினால் உங்களால் தடுக்க முடியாது. என் எதிர்ப்பைக் குழுவின் பதிவில் வைக்கவும்.

கையேடு வந்ததும் ஒரு படி அனுப்புங்கள் அம்மா. ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன்.

– புலவர்