பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாம்: ஒரு ரசிகர் எதைக் கவனிப்பது, எதை நம்புவது?

கேள்வி: மேல்தட்டு இருக்கை

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கா வந்த நான், சென்ற ஆண்டு அறைத்தோழர்கள் இழுத்துச் சென்றதால் எங்கள் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினேன். நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சிகளுக்குள், பத்து யார்டு முன்னேற வேண்டும் என்ற கணக்கு பிடிபடுவதற்கே செப்டம்பர் முழுவதும் ஆயிற்று. பிடிபட்ட பிறகு சனிக்கிழமைகளில் வேறு வேலை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன். அணியின் பெயரைச் சொன்னால் இந்த இழை அணிச்சண்டையாகிவிடும் என்பதால், பிக் டென் என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த அணி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு முதல் ஆட்டம் வரை காத்திருக்காமல், ஆகஸ்ட் பயிற்சி முகாமிலிருந்தே அணியைப் பின்தொடர விரும்புகிறேன். சென்ற ஆகஸ்டிலும் அரைகுறையாக முயன்று சூடுபட்டுக்கொண்டேன். ஓர் இளம் ரிசீவர் ஒற்றைக் கையால் பந்தைப் பிடிக்கும் பன்னிரண்டு விநாடிக் காணொளி ஒன்றை நாற்பது முறையாவது பார்த்திருப்பேன். முகாம் செய்திகள் நாள்தோறும் அவரைப் புகழ்ந்தன; நானும் அவருடைய எண் பொறித்த ஜெர்சியை வாங்கிவிட்டேன். பருவம் முழுவதிலும் அவர் பிடித்த பந்துகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மாறாக, முகாமின்போது பெயரே அடிபடாத ஒரு கார்டு (தாக்குதல் வரிசையில் நின்று எதிரணியினரைத் தள்ளித் தடுப்பவர்), முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை இடத்தை விட்டுக்கொடுக்காமல் ஆடினார்.

பெரும்பாலான பயிற்சிகள் பூட்டிய கதவுகளுக்குள் நடக்கின்றன. செய்தியாளர்களுக்கே தொடக்கத்தில் சில நிமிடங்கள்தான் அனுமதி என்கிறார்கள். அப்படியானால் நம்மைப் போன்றவர்கள் எதை வைத்து அணியை எடைபோடுவது? பயிற்சியாளரின் பேட்டிகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? ரசிகர்களுக்குக் கதவைத் திறக்கும் ஒரே ஒரு நாளில் நான் எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: இருபது ஆகஸ்டுகள்

நண்பரே, உங்கள் ரிசீவர் கதை எங்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடந்ததுதான். இருபது ஆண்டுகளாக ஆகஸ்ட் செய்திகளைப் படித்து நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: யாரைப் புகழ்ந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, யார் எங்கே நின்றார்கள் என்பதைப் பாருங்கள். ஒரு வீரர் எந்தக் குழுவோடு களமிறங்கினார், முதல் குழுவில் எத்தனை நாள் தொடர்ந்து நின்றார், திடீரென்று எந்த நாளில் காணாமல் போனார் என்பவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பயிற்சியாளர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஒலிவாங்கியை நீட்டுபவர்கள் செய்தியாளர்கள் என்றாலும், அவர் உண்மையில் பேசுவது தம் வீரர்களோடும், அடுத்த ஆண்டு சேரக்கூடிய பள்ளி மாணவர்களோடும், முதல் ஆட்டத்தின் எதிரணியோடும்தான். நமக்கென்று அவர் எதுவும் சொல்வதில்லை.

முகாமின் விதிகள் தெரிந்தால் பாதிச் செய்திகள் தாமாகவே வடிகட்டப்பட்டுவிடும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி முதல் ஆட்டத்துக்கு முன் 25 பயிற்சிகளுக்குத்தான் அனுமதி. முதல் 7 நாட்கள் உடலை வெயிலுக்கும் உழைப்புக்கும் பழக்குவதற்கானவை. அவற்றில் முதல் இரண்டு நாட்கள் ஹெல்மெட் மட்டுமே அணியலாம். 2021இல் இறுக்கப்பட்ட விதிகளின்படி முழுப் பாதுகாப்புக் கவசத்தோடு நடத்தும் பயிற்சிகள் 9ஐத் தாண்டக்கூடாது, ஒரு பயிற்சியில் முழு மோதல் 75 நிமிடங்களைத் தாண்டக்கூடாது, அணிக்குள்ளேயே நடத்தும் ஒத்திகை ஆட்டங்கள் இரண்டுக்கு மேல் கூடாது. ஆகவே முதல் இரண்டு நாட்களில் வரும் காணொளி எதுவாக இருந்தாலும், அது அரைக்கால் சட்டையும் ஹெல்மெட்டுமாக ஓடுபவர்களின் காணொளிதான். அந்த உடையில் ரிசீவர்கள் மின்னுவார்கள், பந்தை எறியும் குவாட்டர்பேக்குகள் மின்னுவார்கள். முந்நூறு பவுண்டு எடையுள்ள இருவர் ஒருவரையொருவர் தள்ளுவதில் யார் வல்லவர் என்பது கவசம் அணியும் வரை யாருக்கும் தெரியாது. உங்கள் கார்டின் பெயர் அடிபடாததற்கும் ரிசீவரின் பெயர் அடிபட்டதற்கும் காரணம் இதுவாகவே இருக்கும்.

முகாமின் கடுமையைப் பற்றிய பெருமைப் பேச்சுகளையும் கண்டுகொள்ளாதீர்கள். 1954இல் பேர் பிரையன்ட் என்ற பயிற்சியாளர், தாம் புதிதாகப் பொறுப்பேற்ற டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை ஜங்ஷன் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்று, கொளுத்தும் வெயிலில் வாட்டி எடுத்தார். பலர் இரவோடு இரவாக ஊரைவிட்டே போனார்கள். அந்தக் கதையை இன்றும் வீரகாவியம்போல் சொல்பவர்கள், அந்தப் பருவத்தில் அந்த அணி ஓர் ஆட்டத்தில் வென்று ஒன்பதில் தோற்றது என்பதை மெல்ல விழுங்கிவிடுவார்கள். இப்போது ஒரே நாளில் இரண்டு மோதல் பயிற்சிகள் நடத்தும் பழக்கமும் இல்லை. 2017இல் அதைத் தடைசெய்துவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. முகாமில் அணி தன்னோடு தானே மோதுகிறது. ஒத்திகை ஆட்டத்தில் குவாட்டர்பேக்கின் பந்துகள் மூன்று முறை எதிர்த்தரப்பால் பிடிக்கப்பட்டன என்று செய்தி வந்தால், தடுப்பாளர்கள் தேறிவிட்டார்கள் என்று மகிழ்வதா, குவாட்டர்பேக் தேறவில்லை என்று கவலைப்படுவதா? இரண்டுக்கும் அதே சான்றுதான். இப்படிப்பட்ட செய்திகளை நான் படித்த கையோடு மறந்துவிடுவேன்.

முதன்மைக் குவாட்டர்பேக் யார் என்ற கேள்விக்குக் கடைசி வரை நேரடியான பதில் கிடைக்காது என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். 2025இல் ஓஹியோ ஸ்டேட் பயிற்சியாளர் ரயன் டே, ஜூலியன் சயின்தான் தொடங்குவார் என்று அறிவித்தபோது முதல் ஆட்டத்துக்கு இரண்டு வாரம்கூட இருக்கவில்லை. அதற்குமுன் லிங்கன் கீன்ஹோல்ஸோடு போட்டி தொடர்கிறது என்பதே பதிலாக இருந்தது.

பதில் 2: ஹாரன் அடித்தவன்

மேலே அண்ணன் சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் அவர் வெளியிலிருந்து பார்த்தவர். நான் இரண்டு ஆண்டுகள் உள்ளே இருந்தேன். வேறொரு மாநிலத்தின் பல்கலைக்கழக அணியில் மாணவ உதவியாளனாகப் பந்துகளைத் துடைப்பது, கூம்புகளை அடுக்குவது, நேரம் முடிந்ததும் ஹாரன் அடிப்பது ஆகியவை என் பணிகள். பயிற்சி முழுவதும் ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். களத்தின் ஓரத்தில் பெரிய கடிகாரம் பின்னோக்கி ஓடும். நான் ஹாரனை அழுத்தியதும் நூறு பேர் நூறு திசையில் ஓடி அடுத்த இடத்துக்குப் போவார்கள். புதிதாகச் சேர்ந்தவர் யார் என்பதை அந்த ஓட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் அவர் அடுத்தவரைப் பார்த்துவிட்டுத்தான் ஓடத் தொடங்குவார். மூன்றாவது வாரத்திலும் ஒருவர் அப்படித் தயங்கி நின்றால், காணொளியில் அவர் எவ்வளவு அழகாகப் பந்து பிடித்தாலும் செப்டம்பரில் அவரைக் களத்தில் பார்க்க முடியாது. உங்கள் ரிசீவரும் அந்த வகையாக இருந்திருக்கலாம்.

திறந்த நாளில் எங்கே நிற்பது என்று கேட்டீர்கள். எல்லோரும் குவாட்டர்பேக்குகளும் ரிசீவர்களும் இருக்கும் பக்கம் கூடுவார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் போய், தாக்குதல் வரிசையின் ஐவர் (நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டாக்கிள்கள்) பயிற்சி செய்யும் மூலையில் நில்லுங்கள். அங்கே தடித்த மெத்தை பொருத்திய இரும்புச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஐவரும் ஒரே கணத்தில் மோதினால் 'தம்' என்று ஒற்றை ஒலி கேட்கும். ஒருவர் பிந்தினாலும் ஒலி உடைந்து 'தட தட' என்று வரும். கண்ணை மூடிக்கொண்டே அந்த வரிசை ஒன்றுபட்டுவிட்டதா என்று சொல்லிவிடலாம். அந்த ஐவரின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி வைத்துக்கொண்டு, பின்னர் வரும் செய்திகளோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது வாரத்துக்குப் பிறகும் வலது டாக்கிளை இடப்பக்கத்துக்கு மாற்றுகிறார்கள், கார்டை சென்டராக்கிப் பார்க்கிறார்கள் என்றால், பயிற்சியாளர் பேட்டியில் எவ்வளவு சிரித்தாலும் உள்ளே தூக்கமில்லை என்று பொருள்.

ஓடும் வீரர்களைப் பற்றிய செய்திகளிலும் எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலான நேரம் மோதிப் பிடிப்பார்களே தவிரத் தரையில் வீழ்த்த மாட்டார்கள். காயம் வந்துவிடக்கூடாது என்பதற்காக வகுத்துக்கொண்ட முறை அது. வீழ்த்தாதபோது ஓடுபவர் தொடர்ந்து ஓடிப்போய் எல்லைக்கோட்டைத் தொடுவார், கூட்டமும் கைதட்டும். உண்மையான ஆட்டத்தில் அந்த ஓட்டம் மூன்று யார்டில் முடிந்திருக்கும். அதேபோல் குவாட்டர்பேக்குகள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட நிறத்தில் ஜெர்சி அணிந்திருப்பார்கள். அவர்களை யாரும் தொடக்கூடாது. அடி விழாது என்று தெரிந்து எறிபவரின் நிதானத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

காயங்களைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் களத்தின் ஓரத்தில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பல மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி நடக்கத் தொடங்கிய பிறகு, பத்தொன்பது வயதுப் பையனின் முழங்கால்கூடச் சிலருக்குப் பணமாகிவிட்டது.

வீரர்களே தரும் சான்று எங்கேனும் கிடைத்தால் அதற்குப் பயிற்சியாளரின் பேச்சைவிடக் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ஓஹியோ ஸ்டேட்டில் 2012இலிருந்து ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவர்களின் ஹெல்மெட் நடுவில் கறுப்புப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். பயிற்சியில் தன்னை மெய்ப்பித்தவருக்கு மட்டும், அணியினர் முன்னிலையில் அந்தப் பட்டையை உரித்தெடுப்பார்கள். எவருடைய பட்டை எந்த நாளில் போயிற்று என்ற வரிசையை வைத்துப் பார்த்தால், முதல் ஆட்டத்தில் யார் இறங்குவார்கள் என்பது ஓரளவு புலப்படும்.

பதில் 3: வானொலி ரசிகை

இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் தரவரிசையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஆகஸ்ட் நடுவில் ஏபி செய்தி நிறுவனத்தின் முதல் 25 அணிகளின் பட்டியல் வந்ததும் இந்த மன்றமே தீப்பற்றிக்கொள்ளும். 2024இல் அந்தப் பட்டியலில் 10ஆம் இடத்தில் தொடங்கிய ஃபுளோரிடா ஸ்டேட், 2 வெற்றி 10 தோல்வியோடு பருவத்தை முடித்தது. 2025இல் டெக்சஸ் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பருவத்துக்கு முந்தைய பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆகஸ்ட் 30 அன்று கொலம்பஸில் ஓஹியோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோற்றது. இறுதியில் சாம்பியனைத் தீர்மானிக்கும், பன்னிரண்டு அணிகள் கொண்ட பிளேஆஃப் சுற்றுக்குள்ளேயே வரவில்லை. பட்டியலுக்கு வாக்களிப்பவர்களும் நம்மைப் போலவே அந்தப் பன்னிரண்டு விநாடிக் காணொளிகளைப் பார்ப்பவர்கள்தாம்.

ஆனால் அண்ணன்கள் இருவரிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்லாவற்றையும் சந்தேகிக்கச் சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் ஆகஸ்டில் ரசிப்பதற்கு என்னதான் மிஞ்சும்? நான் ஆண்டுதோறும் மூன்றாம் குழுவிலிருந்து ஒரே ஒருவரைத் தேர்ந்துகொள்வேன். உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவராகவோ முதலாண்டு மாணவராகவோ இருப்பார். 2018இலிருந்து முதலாண்டு வீரர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் கல்லூரி அணியில் ஆட அவருக்குள்ள ஆண்டுகளில் ஒன்று வீணாகாது என்ற விதி இருப்பதால், இப்படிப்பட்டவர்களுக்கு நவம்பரிலாவது ஒரு வாய்ப்பு வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் தேர்ந்தவர், ஆட்டம் எப்போதோ முடிவாகிவிட்ட நான்காம் கால்பகுதியில், மூன்றே மூன்று ஸ்னாப்களுக்கு, அதாவது பந்து கைமாறித் தொடங்கும் மூன்று முயற்சிகளுக்கு, உள்ளே வந்தார். வீட்டில் நான் எழுந்து நின்றதைப் பார்த்துக் கணவர் நாம் வென்றுவிட்டோமா என்று கேட்டார். நாம் முப்பத்தொரு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம்.

கேள்வி கேட்டவர்: மேல்தட்டு இருக்கை

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றுதான் திறந்த நாள். சொன்னபடியே ஆளரவமற்ற அந்த மூலையில் போய் நின்றேன். முதல் குழுவின் ஒலி பெரும்பாலும் ஒற்றையாகத்தான் கேட்டது. இரண்டாம் குழு ஒவ்வொரு முறையும் உடைந்தது. இடது கார்டின் இடத்தில் மட்டும் இருவர் மாறி மாறி இறங்கினார்கள், அதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் ஒரு குழப்பம். என் தாளில் 7ஆம் எண் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒருவர் பந்தைப் பிடிக்கிறார், இன்னொருவர் களத்தின் மறுகோடியில் தடுக்கிறார். நான்தான் தவறாக எழுதினேனா?

பதில்: ஹாரன் அடித்தவன்

தவறு இல்லை. நூறு பேருக்கு மேல் இருக்கும் கூட்டத்தில் எண்கள் போதாது என்பதால், ஒரே எண்ணை இருவர் வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். அதனால் வழக்கமாகத் தாக்குதல் தரப்பில் ஒருவருக்கும் தடுப்புத் தரப்பில் ஒருவருக்கும் கொடுப்பார்கள். பயிற்சியில் இரு தரப்பும் வெவ்வேறு நிற ஜெர்சி அணிந்திருக்கும், ஆகவே அடுத்த முறை எண்ணுக்குப் பக்கத்தில் நிறத்தையும் எழுதுங்கள். தாக்குதல் வரிசையின் ஐவர் 50க்கும் 79க்கும் இடைப்பட்ட எண்களில்தான் இருப்பார்கள். அந்த இடது கார்டு இருவரின் எண்களையும் இங்கே எழுத வேண்டாம். முதல் ஆட்டத்தின் முதல் ஸ்னாப்பில் யார் இறங்கினார் என்பதை மட்டும் வந்து சொல்லுங்கள்.