புதுப்பிப்பு: பெரியப்பாவின் தங்க ஒமேகா, மூடியைத் திறந்தாச்சு

பெரியப்பா தந்த ஒமேகா கான்ஸ்டலேஷன் கைக்கடிகாரம் முழுத் தங்கமா, மேல்பூச்சா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சிங்கப்பூர் பெனின்சுலா பிளாசாவில் ஒரு கடைக்காரர் பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்பக்கம் 0.750 முத்திரை, பக்கத்தில் பொடியாக ஹெல்வெடியா (சுவிட்சர்லாந்தின் சின்னமான பெண்) தலை. 18 காரட்தான், சந்தேகமே இல்லை. உள்ளே ஒமேகாவின் 561 ரக இயந்திரம்: உராய்வைக் குறைக்கும் 24 கல், மணிக்கு 19,800 துடிப்பு, கை அசைவில் சுழன்று தானாகச் சாவி கொடுக்கும் ரோட்டார் செம்பு நிறத்தில் மின்னுகிறது. எண்ணெய்தான் காய்ந்து கிடந்தது. சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டேன். ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொன்னேன், நம்ம ஊர் ஈரப்பதம் தெரிந்ததுதானே.

டயலைப் புதுப்பிக்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், தொடப்போவதில்லை. பன்னிரண்டு பட்டையாகச் சரியும் பை-பேன் (கவிழ்த்த தட்டு வடிவ) விளிம்பு லேசாகப் பழுப்பேறியிருக்கிறது, அவ்வளவுதான். மறுபூச்சு அடித்தால் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள் (விற்கிற எண்ணமில்லை, அது வேறு விஷயம்). அப்புறம், பாலிஷும் வேண்டாம் என்றேன். வார் மாட்டும் கொம்புகளின் முனை இன்னும் கூராகவே இருக்கிறது.