அப்பாரு (தாத்தா) இறப்புப் பதிவைத் தேடப் போனேன் (உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்)

வாய்க்கால்மேட்டுக்காரன்:

பட்டா மாறுதலுக்குத்தான் போனேன். காடு இன்னும் அப்பாரு பேரிலேயே இருக்கிறது, அவருடைய இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று நகராது, இதெல்லாம் இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டில் யாருக்கும் தேதி தெரியாது. "பவானிசாகர் அணை கட்டி முடிச்சு நாலஞ்சு வருசம் இருக்கும், மாரியாத்தா நோம்பிக்கு முந்தின வாரம்" என்பார்கள். அணை முடிந்தது 1955. சரி, 1959 இல்லையென்றால் 1960 என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஊர் வி.ஏ.ஓ.விடம் பழைய புத்தகம் இல்லை, தாலுகா ஆபீஸ் பதிவறையில் கேளுங்கள் என்றார்.

மூன்றாவது தடவை போனபோதுதான் கட்டு கைக்கு வந்தது. 1948இல் தொடங்கிப் பல வருடங்களைச் சேர்த்து ஒன்றாகத் தைத்திருந்தார்கள். ஓரமெல்லாம் பூச்சி அரித்து, தொட்டால் பொடியாக உதிர்கிறது. மணியகாரர் (அந்தக் காலத்து ஊர் அதிகாரி) கையெழுத்து, பழைய லை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்த எழுத்து. அங்கிருந்த அம்மா முதல் பக்கத்திலிருந்தே பொறுமையாகத் திருப்பினார், நான் பேர் இருக்கிற கட்டத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டே போனேன்.

1949இல் விரல் நின்றது. "பெயரில்லாப் பெண் குழந்தை. 9 நாள். ஜன்னி." தகப்பன் பேர் எங்கள் அப்பாரு பேர், ஊரும் எங்கள் சாளை (தோட்டத்து வீடு) இருக்கிற அதே ஊர். எங்கள் அப்பாவுடன் பிறந்தவர்கள் நான்கு பேர் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா "இதுங்களா?" என்று கேட்டார். நான் "இல்லைங்க, இது இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அப்பாரு பதிவு கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் "இது இல்லை" என்று நான் சொன்னதுதான் காதில் கேட்கிறது.

தாராபுரத்துக்காரி:

எனக்கு நடந்தது இவ்வளவு பழசில்லை. அம்மா கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்தார். தோட்டத்துக்குக் கொண்டுவந்து எல்லாக் காரியமும் முடிந்து, பதினாறாம் நாள் கழித்து நான் நேராக எங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் போய் நின்றேன். உயிர் எந்த ஊரில் போனதோ அந்த ஊரில்தான் பதிவு, வீடு எங்கே இருந்தாலும் சரி, என்றார். யாருமே அதுவரை சொல்லவில்லை. அப்புறம் கோவைக்கு மூன்று பஸ் பயணம்.

மூன்றாவது நாள் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "பேர் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்கக்கா" என்றார் பதிவு ஆபீஸில் இருந்த தம்பி. இறந்தவர் பெயர் என்று போட்டு அதற்கு நேராக அம்மா பேர். அதைப் பார்த்த பிறகு எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆத்தாள் என்று முடிகிற பேர் அம்மாள் என்று அச்சாகி வந்தது. பட்டாவிலும் பேங்க் புத்தகத்திலும் ஆத்தாள்தான். அதைத் திருத்துவதற்கு மட்டும் ஏழு மாதம். அந்தத் தம்பி மேல் குற்றமே இல்லை, அவர் கேட்கத்தான் செய்தார். ஆனால் அந்த நேரத்தில் எந்த மகளுக்கு எழுத்துப் பார்க்க முடியும்?

ஓய்வுபெற்ற வருவாய்க்காரன்:

வாய்க்கால்மேட்டுத் தம்பி, மனசு விட வேண்டாம். ஒரு கட்டைப் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு செய்வது தப்பு. ஊர்க்காரர்கள் சொல்கிற வருடத்துக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று வருடம் பார்த்தே ஆக வேண்டும். அப்பாரு கடைசிக் காலத்தில் மகள் வீட்டில் இருந்தாரா, வைத்தியத்துக்கு ஈரோடு போனாரா என்று கேட்டுப் பாருங்கள், தாராபுரத்து அம்மணி சொன்னதுதான் அதற்குப் பதில், அந்த ஊர்ப் புத்தகத்தில் இருக்கும். மாவட்டம் பிரிந்ததும் பலருக்குக் குழப்பம். ஈரோடு பக்கம் 1979 வரை கோவை மாவட்டம், திருப்பூர் தனியானது 2009இல், ஆனால் கிராமப் புத்தகத்துக்கு மாவட்டத் தலைநகரில் போய் நிற்க வேண்டாம், தாலுகாவைப் பிடியுங்கள். பத்திரப் பதிவு ஆபீஸிலும் கேளுங்கள், பழைய கிராமப் பதிவுகளின் பிரதி சார்பதிவாளரிடம் இருப்பதுண்டு.

எங்குமே இல்லை என்றால் "பதிவு இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது செல்லாது. அதை வைத்துக் கோட்டாட்சியரிடம் மனுப் போட வேண்டும். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை 21 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. முன்பு சட்டத்தில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் என்று இருந்தது, 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட, கோட்ட அளவு நிர்வாக நடுவர்கள்தான். அந்த ஊரில் வயதான இரண்டு பேரின் வாக்குமூலம், கருமாதிப் பத்திரிகை இருந்தால் அது, சமாதிக் கல்லில் தேதி இருந்தால் போட்டோ, பழைய ரேஷன் கார்டு, எதையும் விடாதீர்கள்.

இன்னொன்று. சான்றிதழ் வாங்கினால் அதில் "ஜன்னி" என்று வராது. இறப்புக் காரணத்தைச் சான்றில் காட்டக் கூடாது என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. புத்தகத்தில் பார்த்தால்தான் உண்டு.

எனக்கு மறக்காதது ஒன்றுதான். காங்கயம் பக்கத்துப் பாட்டி ஒருவர், புருசன் செத்த சான்றைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாததால் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாளையத்தான்:

ஐயா, நீங்கள் சொன்ன சட்டமெல்லாம் சரிங்க. ஆனால் "தேடினால் கிடைக்கும்" என்று சொல்லாதீர்கள். எழுதியிருந்தால்தானே கிடைக்கும்? அந்தக் காலத்தில் யார் போய் மணியகாரரிடம் தேதி சொன்னார்கள்? தலையாரி வாரத்துக்கு ஒருமுறை வாயால் சொல்வார், அவர் ஞாபகத்தில் இருப்பதை இவர் எழுதுவார். ஊருக்குள் நடந்த சாவு எழுதப்படும். ஊருக்கு வெளியே எங்கள் வளவில் (குடியிருப்பில்) நடந்தது எழுதப்பட்டால் உண்டு. 1980இல் பரம்பரை மணியம், கர்ணம் எல்லாம் எடுக்கும் வரைக்கும் எங்கள் ஆட்கள் அந்தத் திண்ணையில் ஏறியதே இல்லை.

எங்கள் ஆத்தா பதிவு எனக்குக் கிடைத்தது. பேர்க் கட்டத்தில் ஜாதிப் பேர், பக்கத்தில் "மனைவி", அவ்வளவுதான். வயது "சுமார் 40". அவருக்குப் பேர் இருந்தது. பண்ணயத்தில் அந்தப் பேரைச் சொல்லித்தான் வேலைக்குக் கூப்பிட்டார்கள். எழுதும்போது மட்டும் கேட்கத் தோன்றவில்லை. இதை வைத்து நான் என்ன வாரிசுச் சான்று வாங்குவது? சான்றுகூட வேண்டாம் ஐயா, அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஓய்வுபெற்ற வருவாய்க்காரன்:

பாளையத்தான் தம்பி, நீங்கள் சொல்வது நிஜம். அப்படிப்பட்ட பக்கங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவில் திருத்தம் கேட்க வழி இருக்கிறது, ஆதாரம் இருந்தால் ஓரத்தில் சரியான பேரை எழுதிக் கையெழுத்திடுவார்கள், பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள். ஆத்தா பேர் உள்ள ஒரே ஒரு காகிதம் கிடைத்தாலும் எழுதுங்கள், மனு நான் தயார் செய்து தருகிறேன்.

உக்கடம்வாசி:

எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. பூட்டனார் பேர், "பிளேக்". கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. அந்த வரியைப் பார்த்த அன்று சாயங்காலம் போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வாய்க்கால்மேட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. வருவாய்க்கார ஐயா சொன்னபடி கேட்டதில், அப்பாருவைக் கடைசியில் கோபிசெட்டிபாளையத்துக்குக் கொண்டுபோனார்களாம், அங்கே தேட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியத்தை வீட்டுக்குப் போனேன். 84 வயது. குழந்தையைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் காபி குடித்து முடிக்கும் வரை சும்மா இருந்தேன். சொன்னதும் அத்தை கொஞ்சமும் திகைக்கவில்லை. மார்கழி மாதம், கிணற்று மேட்டு வேம்புக்குக் கீழே அவர்தான் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாராம், ஒன்பது வயசு. அப்புறம் என்னைக் கேட்டார், "அதை யாரு கண்ணு போய்ச் சொன்னது? எங்கைய்யன் போய்ச் சொன்னாரா, தலையாரி சொன்னதா?"

அப்பாரு ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லையாம், தோட்டத்தை விட்டு எங்கும் போகவில்லையாம். போய்ச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் அத்தை இத்தனை வருடம் நினைத்திருக்கிறார்.

தகவல் தந்தவர் என்று ஒரு கட்டம் கடைசியில் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. வியாழக்கிழமை மறுபடி தாலுகா ஆபீஸ் போகிறேன், அத்தையும் வருகிறேன் என்கிறார்.