சுவீடிஷ் ‘ஸ்த்ரீட்ஸோட்யேர்ட்’: போராட்டமா, பூசலா, நடவடிக்கையா?

பனிமுல்லை (ஸ்டாக்ஹோம்), செவ்வாய் இரவு

மொழிபெயர்ப்புக் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். துப்புரவு வேலை பார்க்கிற தமிழ் ஆட்களுக்காக ஒரு தொழிற்சங்கத் துண்டறிக்கையைத் தமிழில் தருகிறேன். வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. சுவீடிஷ் மூலத்தோடு ஆங்கிலப் பிரதியும் தந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தை நம்பிப் போனால் கெட்டேன், எல்லா இடத்திலும் ‘ஃபைட்’, இல்லாவிட்டால் ‘ஸ்ட்ரகிள்’.

சுவீடிஷில் அப்படி இல்லை. நல்ல சம்பளத்துக்காகச் சங்கம் செய்வது ‘ஷெம்பா’. மேலாளரோடு தனியாக நின்று ‘ப்ரோக்கா’ செய்யாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள் என்கிறார்கள். கூலியைக் குறைத்துப் போட்டியிடும் கம்பெனிகளை ‘பெஷெம்பா’ செய்கிறோம் என்கிறார்கள். இவற்றை எப்படியோ சமாளித்துவிட்டேன்: போராடுகிறோம், வாக்குவாதப்பட வேண்டாம், எதிர்த்து நிற்கிறோம். மாதக் கடைசியில் பலர் ‘ஸ்ட்ரகிள்’ பண்ணுகிறார்கள் என்ற இடத்தில் சுவீடிஷ்காரர் சண்டைச் சொல்லையே தொடவில்லை, ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று முடித்துவிட்டார். நானும் ‘அல்லாடுகிறார்கள்’ என்று போட்டேன்.

சிக்கல் ஒரு சொல்லில்தான்: ‘ஸ்த்ரீட்ஸோட்யேர்ட்’. ‘ஸ்த்ரீட்’ என்றால் போர், மோதல். ‘ஓட்யேர்ட்’ என்றால் நடவடிக்கை. வேலைநிறுத்தம், மேலதிக நேர வேலையை மறுப்பது, முற்றுகை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சட்டத்தில் உள்ள பொதுப்பெயர். என் முதல் வரைவில் ‘போர் நடவடிக்கை’ என்று போட்டு ஒரு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வன்னியிலிருந்து வந்தவர். “என்ன பிள்ளை, இங்கேயும் தொடங்கிட்டுதோ?” என்றார். அந்தச் சொல்லை அப்போதே வெட்டிவிட்டேன். வேறு சொல் தாருங்கள்.

கொட்டிவாக்கம், செவ்வாய் இரவு

போராட்டம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது தோழர்? உள்ளிருப்புப் போராட்டம், காத்திருப்புப் போராட்டம், பேனா கீழே வைக்கும் போராட்டம் வரைக்கும் இங்கே சுவரொட்டி ஒட்டியிருக்கிறோம். ‘போராட்ட நடவடிக்கை’ என்று போட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

நன்னூலான் (தஞ்சை), புதன் அதிகாலை

அன்புள்ள பனிமுல்லை,

‘நடவடிக்கை’ என்பது அலுவலகக் கோப்பிலிருந்து தப்பி வந்த சொல். அதை விடுங்கள். வேரைப் பார்ப்போம்.

‘போர்’ என்பது ‘பொரு’ என்ற வினையடியிலிருந்து வருவது. பொருதல் என்றால் போரிடுதல் மட்டுமா? ஒத்தலும் அதுவே, பொருந்தலும் அதன் இனமே. இருவர் சமமாக எதிரெதிர் வந்து நிற்பதுதான் பொருதல். தொழிலாளியும் முதலாளியும் சட்டத்தின் முன் ஒத்த நிலையில் நிற்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வேர் எது? (‘பொருத்தம்’ தானாக வந்து விழுந்ததைக் கவனிக்க.) வைக்கோற்போரும் போர்தான். நெற்களம், போர்க்களம் இரண்டிலும் ‘களம்’ வருவதும், புறநானூற்றுப் புலவர்கள் போரை உழவாகவும் பிணக்குவியலை நெற்போராகவும் பாடியதும் தற்செயல் அல்ல.

இனிச் சுவீடிஷைப் பாருங்கள். நீங்கள் சொன்ன ‘ஷெம்பா’வின் பெயர்ச்சொல் ‘கம்ப்’. அது ஜெர்மன் வழியாக வந்தது. மூலம் லத்தீன் ‘கம்புஸ்’, அதாவது வயல், வெளி. அங்கேயும் வயலிலிருந்தே போர் பிறந்திருக்கிறது! ஆகவே ‘களவினை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

கொட்டிவாக்கம், புதன் காலை

ஐயா, களவினை என்றால் களவு செய்தவன் வினை என்றுதான் எங்கள் ஆட்கள் படிப்பார்கள். சங்கத்துக்கே திருட்டுப் பட்டம் கட்டிவிடாதீர்கள்.

நன்னூலான், புதன் காலை

களம் + வினை = களவினை. மகர ஈறு கெட்டுப் புணர்ந்தது. களவு + வினை என்றால் களவுவினை. இதைப் பிரித்தறியாத வாசகனுக்காகச் சொல்லை மாற்றுவது என்றால் பிறகு எதற்கு இந்தக் குழு? போகட்டும். ‘பூசல்வினை’ என்று கொள்ளுங்கள். பூசல் என்றால் சண்டை மட்டுமன்று, பலர் அறிய வெளிப்படுத்துதலும் ஆகும். ‘ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்ற குறளுக்கு எல்லாரும் அறியத் தூற்றும் என்றுதான் பரிமேலழகர் உரை. மறைவாகச் செய்வது வேலைநிறுத்தம் ஆகாதல்லவா?

மாலைவகுப்பு (கோத்தன்பர்க்), புதன் மதியம்

நான் இங்கே பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடம் எடுக்கிறேன். 1977இலிருந்து நகராட்சிப் பள்ளிகளில் இதற்கு வழி இருப்பதால், வாரத்துக்கு ஒருமுறை தமிழும் சுவீடிஷும் ஒரே மேசையில் மோதிக்கொள்வதைப் பார்க்கிறேன்.

‘ஸ்லோ’ என்றால் அடி. அதோடு ஒரு ‘ஸ்’ சேர்த்தால் ‘ஸ்லொஸ்’: அடித்துக்கொள்வது. தமிழில் ‘கொள்’ செய்கிற வேலையை அங்கே ஒற்றை எழுத்து செய்கிறது. மல்லுக்கட்டுகிற ‘ப்ரொத்தாஸ்’ இலும் அதே வால்தான். கை ஓங்காத வாய்ச்சண்டை என்றால் ‘க்ரேலா’. கணவன் மனைவி ‘க்ரேலா’ பண்ணினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். ‘ஸ்லொஸ்’ என்றால் பொலிசைக் கூப்பிடுவார். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘ஃபைட்’ ஆகிவிடும்.

‘ப்ரோக்’ இன்னும் வேடிக்கை. ரகளைக்கும் அதே சொல், கணக்கில் வரும் பின்னத்துக்கும் அதே சொல். “இன்றைக்குப் பள்ளியில் முழுக்க ப்ரோக்” என்று மகன் சொல்ல, தாய் பதறிப்போய் எனக்கு அழைத்தார். அரையும் காலும் படித்திருக்கிறான்.

விளையாட்டில் ‘கம்ப்’ வெறும் போட்டிதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கரொலினா க்ளுஃப்ட் தங்கம் வென்ற ஹெப்டத்லான் அவர்களுக்கு ‘ஷூகம்ப்’, ஏழு கம்ப். அதை ஏழு போராட்டம் என்று மொழிபெயர்க்க முடியுமா? பூச்சிமருந்து போத்தலில் ‘பெஷெம்ப்னிங்ஸ்மேடெல்’ என்று இருக்கும். எதிர்த்துப் போராடும் பொருள் என்று போட்டால் கடைக்காரன் சிரிப்பான்.

வேருக்குப் பின்னால் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

மட்டுநகரான், புதன் மாலை

இலங்கையில் இதற்குப் பழகிய சொல் இருக்கிறதே. ஆசிரியர்கள், தாதியர், ரயில்வே ஊழியர்கள் யார் இறங்கினாலும் பத்திரிகையில் ‘தொழிற்சங்க நடவடிக்கை’ என்றுதான் வரும். துண்டறிக்கை வாசிக்கிறவர்களில் பாதிப்பேராவது எங்கள் பக்கத்து ஆட்களாக இருப்பார்கள். அகராதி இல்லாமல் விளங்கும். பிரச்சினை முடிந்தது.

பனிமுல்லை, புதன் இரவு

அண்ணா, நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் சட்டம் வழிமறிக்கிறது. சுவீடன் அரசமைப்பின் 2ஆம் அதிகாரம் 14ஆம் பிரிவு இந்த உரிமையைத் தொழிலாளர் சங்கத்துக்கு மட்டும் தரவில்லை, முதலாளிக்கும் முதலாளிமார் சங்கத்துக்கும் சேர்த்தே தருகிறது. முதலாளி செய்கிற கதவடைப்பும் ஸ்த்ரீட்ஸோட்யேர்ட்தான். அறிக்கையின் மூன்றாம் பத்தியே அதைப் பற்றியது. ‘முதலாளியின் தொழிற்சங்க நடவடிக்கை’ என்று எப்படி எழுதுவது?

கொட்டிவாக்கம், புதன் இரவு

அப்படியானால் என் சொல்லை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முதலாளி கதவைப் பூட்டினால் அது கதவடைப்பு. அதைப் ‘போராட்டம்’ என்று எழுத எனக்குக் கை வராது. வாயிலுக்கு வெளியே நிற்கிறவன் போராடுகிறான். உள்ளே பூட்டுப் போட்டவன் என்ன போராடுகிறான்?

எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு தரப்புக்கும் ஒரே சொல் என்பதே முதலாளிகள் செய்த வேலையாக இருக்காதா? 1909இல் சுவீடனில் மூன்று லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அதற்கு முன்னால் கதவடைத்தது முதலாளிமார் சங்கம். 1931 மே மாதம் ஓடாலனில் ஊர்வலத்தின் மீது ராணுவம் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். அதற்கெல்லாம் பிறகு 1938இல் சால்ட்ஷூபாடனில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். சமாதானம் வந்ததும் சொல்லையும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டார்களோ என்னவோ. இங்கே நமக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் வரவில்லை, அதனால் பொதுச்சொல்லும் இல்லை. இல்லாத பொருளுக்குச் சொல் தேடினால் இப்படித்தான் இழுக்கும்.

நன்னூலான், வியாழன் அதிகாலை

தோழர் சொன்னதில் பாதி சரி. பொதுச்சொல் நமக்கு இல்லை என்பது மட்டும் சரியில்லை. பழம்பாட்டை நினைவுகூர்க:

‘எதிரூன்றல் காஞ்சி, எயில்காத்தல் நொச்சி,
அதுவளைத்தல் ஆகும் உழிஞை, அதிரப்
பொருவது தும்பையாம்…’

மதிலை உள்ளிருந்து காப்பவன் நொச்சி, வெளியே வளைப்பவன் உழிஞை. கதவடைப்பு நொச்சி, முற்றுகை உழிஞை, நேருக்கு நேர் வேலைநிறுத்தம் தும்பை. இரு தரப்புக்கும் தனித்தனிப் பூ, எல்லாம் சேர்ந்து புறத்திணை. சுவீடன்காரர் 1938இல் கண்டதை நாம் எப்போதோ வகுத்துவிட்டோம். ‘திணைவினை’ என்றே சொல்லலாம்.

மாலைவகுப்பு, வியாழன் காலை

ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அலுவலகம் கூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவர் கையில் உழிஞையைக் கொடுத்தால் கண்ணுக்கு மருந்து என்று நினைப்பார்.

மட்டுநகரான், வியாழன் காலை

இலங்கைச் சட்டத் தமிழில் ‘கைத்தொழிற் பிணக்கு’ என்பார்கள். இந்தியப் பக்கம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைத் ‘தொழில் தகராறுகள் சட்டம்’ என்கிறார்கள். தகராறு இரண்டு பேருக்கும் பொது, யாருக்கும் புகழும் இல்லை பழியும் இல்லை. ‘பிணக்கு நடவடிக்கை’ என்று வைத்தால் தங்கச்சியின் மூன்றாம் பத்தி தப்பிக்கும்.

பிணக்கு கொஞ்சம் மென்மைதான், ஒத்துக்கொள்கிறேன். காதலர்களுக்கும் பிணக்கு வரும். ஆனால் மென்மையாக இருப்பது இங்கே நல்லது. போர் என்றதும் அந்த அம்மா கேட்ட கேள்வியை மறக்காதீர்கள்.

பனிமுல்லை, வியாழன் மதியம்

அடுத்த வரியில் இன்னொன்று காத்திருக்கிறது: ‘ஃப்ரேட்ஸ்ப்ளிக்ட்’. ‘ஃப்ரேட்’ என்றால் சமாதானம், ‘ப்ளிக்ட்’ என்றால் கடமை. சங்கமும் முதலாளி தரப்பும் போட்ட கூட்டு ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை இரு தரப்பும் ஸ்த்ரீட்ஸோட்யேர்டில் இறங்கக் கூடாது. 1928ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. நான் ‘அமைதி காக்கும் கடமை’ என்று எழுதியிருந்தேன்.

மட்டுநகரான், வியாழன் மதியம்

வேண்டாம் தங்கச்சி. 1987க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ‘அமைதி காக்கும்’ என்று தொடங்கினால் அடுத்து ‘படை’ என்றுதான் காதில் விழும்.

மாலைவகுப்பு, வியாழன் மாலை

‘ஒப்பந்தக் காலத்தில் வேலைநிறுத்தமோ கதவடைப்போ செய்யக் கூடாது’ என்று ஒரு வரியாக எழுதிவிடுங்கள் அக்கா. எல்லாவற்றுக்கும் பெயர்ச்சொல் தேவையா?

கொட்டிவாக்கம், வியாழன் மாலை

இதற்கு என் ஓட்டு. அதே முறையில் முதல் சொல்லையும் பிரித்துவிடலாமே. தொழிலாளி வரும் இடத்தில் ‘போராட்டம்’, முதலாளி வரும் இடத்தில் ‘கதவடைப்பு’. பொதுவாக வரும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

நன்னூலான், வியாழன் இரவு

அது மொழிபெயர்ப்பு அல்ல, தரகு. மூலத்தில் ஒரே சொல். சட்டம் வேண்டுமென்றே இரு தரப்பையும் ஒரே தட்டில் நிறுத்துகிறது. நீங்கள் ஒருவருக்கு வீரச்சொல்லும் மற்றவருக்குப் பூட்டுச்சொல்லும் தந்தால், தமிழ் வாசிப்பவர் சுவீடன் சட்டத்தைத் தப்பாக விளங்கிக்கொள்வார். எனக்குப் ‘பிணக்கு’ பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரே சொல்லாக இருக்கட்டும்.

பனிமுல்லை, வியாழன் நள்ளிரவு

நன்றி எல்லோருக்கும். முடிவு இப்படி: பொது இடத்தில் ‘பிணக்கு நடவடிக்கை’, முதன்முறை வரும்போது பக்கத்தில் ‘வேலைநிறுத்தம், கதவடைப்பு போன்றவை’ என்ற விளக்கம். தலைப்பில் மட்டும் ‘தொழிற்சங்க நடவடிக்கை’, ஏனென்றால் அங்கே பேசுவது சங்கத்தின் செயலை மட்டும்தான். ‘ஃப்ரேட்ஸ்ப்ளிக்ட்’ ஒரு வாக்கியமாகவே இருக்கும். மூன்று பேர் சரி என்றிருக்கிறீர்கள். கொட்டிவாக்கம் தோழர் மௌனம், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கொட்டிவாக்கம், வெள்ளி காலை

மௌனம் சம்மதம் இல்லை, தூக்கம். ‘பிணக்கு’ என்றால் பேசித் தீர்க்க வேண்டிய மனத்தாங்கல். 2023 அக்டோபரில் டெஸ்லாவுக்கு எதிராக உலோகத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தத்தைப் பிணக்கு என்பீர்களா? துறைமுகத்தில் கார் இறக்க மறுத்தார்கள், தபால்காரர்கள் வண்டி எண் பலகையைத் தரவில்லை. சொல்லகராதியில் என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்.

பனிமுல்லை, வெள்ளி காலை

பதிவு செய்தேன். அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. அனுப்பிய பிறகு ‘வார்ஷெல்’ கண்ணில் பட்டது. வேலைநிறுத்தத்துக்கு ஏழு வேலைநாள் முன்னால் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிய அறிவிப்புக்கும் வார்ஷெல், கம்பெனி ஆட்குறைப்புக்குக் கொடுக்கும் அறிவிப்புக்கும் அதே வார்ஷெல். நான் ‘முன்னறிவித்தல்’ என்று போட்டிருக்கிறேன். அடுத்த துண்டறிக்கை ஆட்குறைப்பைப் பற்றியது.

நன்னூலான், வெள்ளி காலை

‘முன்னறிவித்தல்’ வானிலைக்கு. ‘ஓலை’ எனலாமே?