ஈட்டிப் பலகையில் அப்புச்சி வீடு: மர இன்லே செய்யக் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

கோபிக்காரன்:

மரத்தில் மரம் பதிக்கிற இன்லே வேலையை ஆர்டர் கொடுத்துச் செய்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீடு கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது முன்பாதி போயிற்று. மீதியை நாங்களே இடித்துவிட்டோம். மிஞ்சியது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ: ஓட்டுக்கூரை, திண்ணை, திண்ணையோரம் அரைக்கைச் சட்டையில் அப்புச்சி, ஒரு பக்கமாகக் கிணறு. அம்மாவுக்கு எழுபது வயது நிறைவதற்கு அதைப் பெரிதாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. நான் வேலை பார்ப்பது மைசூரில். தசரா ஊர்வலத்தையும் யானையையும் ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தில் பதித்த படங்களை இங்கே பார்க்காத நாள் கிடையாது. சரி, அதையே செய்யச் சொல்வோம் என்று மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். அந்த வேலை செய்கிற பட்டறைகள் அந்தச் சந்துகளில்தான் இருக்கின்றன.

நான் நுழைந்த பட்டறை இரண்டே அறை. தரையில் உட்கார்ந்து மூன்று பேர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரை எல்லோரும் உஸ்தாத் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். போட்டோவைக் காட்டி, "ஓடு சிவப்பா வரணும், கிணத்து மேட்டில் பச்சையா புல் வரணும்" என்றேன். அவர் தலையை ஆட்டி, "பண்ணா இல்லா சார்" என்றார். நான் எழுந்தே விட்டேன். பண்ண முடியாது என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாசல்வரை போன பிறகுதான் உறைத்தது, கன்னடத்தில் பண்ணா என்றால் நிறம். சாயம் பூசுவதில்லை என்கிறார்! பதினோரு வருடம் இந்த ஊரில் இருந்து என்ன பிரயோஜனம்.

அவர் பின்சுவரைக் காட்டினார். அஞ்சறைப்பெட்டி மாதிரி தடுப்புகள், ஒவ்வொன்றிலும் மெல்லிய பலகைத் துண்டுகள். மஞ்சளுக்குப் பலா. கறுப்புக்குக் கருங்காலி. வெள்ளைக்கு வெட்பாலை, சென்னப்பட்டணத்து பொம்மை கடைகிறார்களே அதே மரம். தேக்கு, மா, செண்பகம் எல்லாம் இருந்தன. ஒரே பலா மரத்தில் எடுத்த துண்டுகளிலேயே ஆறேழு மஞ்சள். பச்சைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. "புல் வேண்டுமானால் ரேகையில் காட்டுகிறேன், நிறத்தில் கேட்காதீர்கள்" என்று முடித்துவிட்டார்.

அம்மா ஒரு வேலை செய்தார். வீடு இடித்தபோது வாசல் நிலைக்காலில் ஒரு முழத் துண்டை எடுத்துப் பரண்மேல் போட்டு வைத்திருந்திருக்கிறார், யாருக்கும் சொல்லாமல். விஷயம் தெரிந்ததும் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது பஸ்ஸில் என் மடியில்தான் இருந்தது. உஸ்தாத் அதை வாங்கி, ஒரு மூலையை இழைத்துவிட்டு, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். சாம்பல் நிறமாகக் கிடந்த மரம் தேன் நிறத்துக்கு வந்தது. பாலிஷ் போட்டால் எந்த நிறம் வரும் என்று பார்க்க இதுதான் வழியாம். துணியில் லேசாக மஞ்சள் கறை. "வேங்கை" என்றார். பழைய ஆணி ஏறின இடத்தில் துருப்பட்டு கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. அதை வெட்டி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். விரலால் வட்டம் போட்டு, "இது வாசலுக்கு மேல் நிழல்" என்று சொல்லித் தனியே எடுத்து வைத்தார்.

வேலை நடக்கிற விதம் இதுதான். படத்தைத் தாளில் வெறும் கோடாக வரைந்து, துண்டுக்கு ஒரு எண் போடுகிறார்கள். எங்கள் படத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் எண். தாளை வெட்டி அந்தந்த நிறப் பலகையில் ஒட்டி, நூல் மாதிரி அலகுள்ள ரம்பத்தால் அறுக்கிறார்கள். அறுத்ததை ஈட்டிப் பலகையில் வைத்து, சுற்றிலும் கீறி, அந்த அளவுக்கு உளியால் தோண்டி, ஃபெவிகால் போட்டு இறக்குகிறார்கள். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், கையால் தடவினால் எங்கே மூட்டு என்று தெரியாது. கண், விரல் போன்ற நுணுக்கங்களைக் கடைசியில் ஊசி முனையால் கீறிக் கறுப்பு ஏற்றுகிறார்கள்.

45 நாள் என்றார். நான்கு மாதம் ஆனது. நடுவில் ரம்ஜான், அப்புறம் ஒரு பையன் ஊருக்குப் போய்விட்டான், அப்புறம் மழையில் மரம் காயவில்லை. அம்மாவின் பிறந்தநாள் வந்து போயிற்று. அதை ஒரு குறையாக இப்போது சொல்ல மாட்டேன், காரணம் இருக்கிறது.

இரண்டாவது மாதம் ஒரு நாள் ராத்திரி உஸ்தாத்தின் பையன் போன் செய்தான். "உங்க தாத்தா இடது கைக்காரரா சார்?" இல்லையே என்றேன். "அப்போ சட்டைப் பை ஏன் வலது பக்கம் இருக்கு? அப்பா கேட்கிறார்."

போட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், பை வலது நெஞ்சில். பொத்தான் போட்டிருக்கிற பக்கமும் மாறி. ஸ்டுடியோவில் நெகட்டிவைத் திருப்பி வைத்து பிரிண்ட் போட்டிருக்கிறார்கள்! அம்மாவைக் கேட்டேன். "கிணறு வாசலுக்கு இந்தப் பக்கந்தானே" என்று வலது கையை நீட்டினார். போட்டோவில் அது இடது பக்கம். முப்பது வருடமாக எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிற படம், தினமும் அதற்குப் பூ வைக்கிறவர் அவர். நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. சட்டைப் பையைத் தனியாக, நகத்தளவு ஒரு துண்டாக அறுக்க வேண்டியிருந்த ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது.

பாதித் துண்டுகளை அறுத்து முடித்திருந்தார்கள். எல்லாம் வீண்தானே, கூடக் காசு கேட்பாரோ என்று பயந்துகொண்டே போனேன். உஸ்தாத் ஒன்றும் சொல்லவில்லை. தாளை வெளிச்சத்தில் குப்புறப் பிடித்து, பின்பக்கம் தெரிந்த கோடுகளை இன்னொரு தாளில் எடுத்தார். அறுத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார். பெயிண்டாக இருந்திருந்தால் போயிருக்கும். மரத்துக்கு ரெண்டு பக்கமும் மரம்தானே!

இழைப்புளி:

கோபி அண்ணே, அருமை. நான் நாகர்கோவில் பக்கம் ஆசாரி வேலை செய்கிறவன், இன்லே என் தொழில் இல்லை. ஆனால் வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லலாம்.

ஒன்று, இப்போது கடைகளில் கிடைக்கிற பெரும்பாலான படங்களில் பின்பலகை முழு ஈட்டி கிடையாது. பிளைவுட் மேல் ஈட்டி வெனீர், அதாவது மெல்லிய மரச் சீவல், ஒட்டியிருப்பார்கள். அது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன், ஈட்டி விற்கிற விலைக்கு வேறு வழி இல்லை. இங்கே தமிழ்நாட்டில் ஈட்டியை வெட்டக் கூடாது என்று 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். கர்நாடகத்திலும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் முழு ஈட்டி என்று சொல்லி வெனீரைத் தள்ளினால் கேளுங்கள். ஓரத்தைப் பாருங்கள், அடுக்கு தெரியும். கையில் தூக்கினாலே தெரிந்துவிடும், ஈட்டி கனக்கும்.

இன்னொன்று, துண்டு துண்டாகப் பதித்ததா, பெயிண்ட் அடித்ததா என்று பார்க்க டார்ச்சைச் சாய்த்து அடித்தால் போதும். ஒவ்வொரு துண்டிலும் ரேகை வேறு வேறு திசையில் ஓடும். பெயிண்டில் ரேகை எல்லாம் பலகையோடு ஒரே பக்கம் போகும்.

ஆணித் துருவை நிழலாக்கினாரே, அது கை தேர்ந்த ஆள். நாங்கள் அந்த இடத்தை வெட்டித்தான் எறிவோம்.

ராயப்பேட்டை ரவி:

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை சார். எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவருக்குக் கொடுக்க கீதோபதேசம் படம் ஒன்று ஆர்டர் செய்தோம். ஆன்லைனில் போட்டோ பார்த்து, முழுப் பணமும் முதலிலேயே கட்டினோம், அதுவே தப்பு. வந்த படத்தில் கிருஷ்ணர் முகம் ஸ்டிக்கர். சுற்றியிருக்கிற குதிரை, தேர் எல்லாம் மரம். முகம் மட்டும் ஸ்டிக்கர்! கேட்டால், "முகம் மரத்தில் சரியா வராது சார்" என்று பதில். பாதிப் பணம் திரும்ப வந்தது.

என் கேள்வி வேறு. அதை அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார். இரண்டு வருடத்தில் குதிரை பழுப்பாகிவிட்டது. கோபி சார் படம் எப்படி இருக்கிறது?

தஞ்சை பாட்டு டீச்சர்:

வீணை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகப் புரியும். தஞ்சாவூர் வீணையின் குடத்திலும் தண்டியிலும் ஓரம் ஓரமாகப் பதிப்பு வேலை இருக்கும் அல்லவா? என் குருவின் வீணையில் அது தந்தம். அவருக்கு அவர் அத்தை கொடுத்தது. என்னுடையதில் பிளாஸ்டிக். இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கு 1986இல் தடை வந்தது, 1991இல் வெளிநாட்டுத் தந்தத்துக்கும் சேர்த்து. மைசூர் ஆட்களுக்கும் அதே கதைதான். அரண்மனையில் அம்பா விலாச மண்டபத்தில் பிள்ளையார் சன்னதிக் கதவைப் பாருங்கள், ஈட்டியில் தந்தம் பதித்தது. 1897இல் தொடங்கி 1912இல் முடித்த அரண்மனை. இன்று அப்படி ஒரு கதவை யாரும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. வீணை வாங்கப் போனபோது பதிப்பு வேலை செய்துகொண்டிருந்தவரிடம், பிளாஸ்டிக் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும் இல்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிராமலே, "கோடு போடுற கை அதேதாம்மா" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

ஜெர்சி அக்கா:

நிறம் மாறுவதைப் பற்றி ரவி தம்பி கேட்டதற்காக இதைச் சொல்கிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. இத்தாலியில் குப்பியோ என்ற ஊரில் ஒரு பிரபுவின் அரண்மனையில் இருந்த படிப்பறை, 1480 வாக்கில் செய்தது. அப்படியே பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சுவர் முழுக்க மரப் பதிப்பு. பெயிண்ட் கிடையாது. பாதி திறந்த அலமாரிக் கதவுகள், உள்ளே புத்தகம், வீணை மாதிரி ஒரு வாத்தியம், கிளிக்கூண்டு. எல்லாம் தட்டைச் சுவர்தான். என் பேத்தி அந்தக் கதவைச் சாத்தக் கையை நீட்டிவிட்டாள், காவலர் ஓடிவந்தார்.

ஐந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அன்றைக்கு இன்னும் பளிச்சென்றுதான் இருந்திருக்கும். இப்போது எல்லாம் தேன், காபி, வெல்லம் நிறங்களாக நெருங்கிவிட்டன. ஆனால் ஒன்றோடொன்று வித்தியாசம் மிச்சம் இருக்கிறது, அதனால்தான் கதவு கதவாகத் தெரிகிறது.

அப்புறம் கோபி தம்பி, இது மாதிரி ஒன்றை இங்கே எடுத்துவர முடியுமா? ஈட்டி என்றால் ஏர்போர்ட்டில் பிடிப்பார்களாமே?

கோபிக்காரன்:

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அக்கா, 2017 ஜனவரி முதல் ஈட்டி வகை மரங்கள் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. 10 கிலோவுக்கு உட்பட்ட செய்பொருளுக்குத் தளர்வு உண்டு. எங்கள் படம் ஃபிரேமோடு சேர்த்தே ஆறரை கிலோ. எதற்கும் மரத்தின் பெயரும் எடையும் எழுதின பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரவி சார், நிறம் மாறத்தான் மாறியது. உஸ்தாத் முதலிலேயே எச்சரித்தார்: பலா கறுக்கும், ஓட்டுக்குப் போட்ட சிவப்பு மரம் பழுப்பாகும், வெயில் படாமல் மாட்டு, ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தில் மாட்டாதே, மரம் சுருங்கித் துண்டு எழும்பும். இரண்டரை வருடம் ஆகிறது. அப்புச்சியின் வேட்டி வெட்பாலை வெள்ளையில் இருந்தது, இப்போது கொஞ்சம் மஞ்சள் தட்டியிருக்கிறது. அம்மா அதைப் பார்த்து, "இப்பத்தான் அப்பா வேட்டி மாதிரி இருக்குது, முன்னாடி சலவைக்குப் போட்டாப்புல இருந்துச்சு" என்றார்.

இழைப்புளி தம்பி, எங்களுடையதிலும் பின்பலகை வெனீர்தான், முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பட்டறை பெயர் கேட்டு மூன்று பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். உஸ்தாத்திடம் கேட்டேன், வேண்டாம் என்றார். கையில் இருக்கிற ஆர்டருக்கே ஆள் போதவில்லையாம். பையன் பாதி நாள் டெலிவரி வண்டி ஓட்டுகிறான், மீதி நாள் அறுக்கிறான்.

பழைய போட்டோவையும் இறக்கவில்லை. இரண்டும் எதிரெதிர்ச் சுவரில் இருக்கின்றன. ஒன்றில் கிணறு இடது பக்கம், இன்னொன்றில் வலது பக்கம். பூ வைக்கிற இடம் மட்டும் மாறியிருக்கிறது.