குரலை மட்டும் தனியாகக் கேட்ட ராத்திரி

2005 ஏப்ரலில் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் 'த ஹேண்ட் தட் ஃபீட்ஸ்' பாட்டைத் தனித்தனி டிராக்காகப் பிரித்து இலவசமாக விட்டார். யார் வேண்டுமானாலும் ரீமிக்ஸ் செய்துகொள்ளலாம், அதாவது பிரித்துக் கலைத்துத் தன் விருப்பப்படி மறுபடி கோக்கலாம். ஆனால் அது ஆப்பிளின் இசை மென்பொருளான கராஜ்பேண்டின் கோப்பு. மேக் கணினி இல்லாமல் திறக்காது. என்னிடம் இருந்ததோ விண்டோஸ். வேலை பார்த்த ஸ்டுடியோவில் எல்லோரும் கிளம்பின பிறகு அங்கிருந்த மேக்கில் திறந்தேன்.

முதல் வேலையாக மற்ற எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. கிட்டார் மூடியிருந்த மூச்சு இழுப்புகூடக் கேட்டது. அப்புறம் வந்தது ஆசை. திரும்பத் திரும்ப ஓடும் பறைத் துண்டு, அதாவது லூப், ஒன்றைச் சேர்த்தேன். அது போதாதென்று கீபோர்டு, அதற்கு மேல் இன்னொரு தாளம். மூன்று ராத்திரி போனதுதான் மிச்சம், சந்தைக்கடை இரைச்சல். எரிச்சலில் நான் சேர்த்ததையெல்லாம் அழித்து, அவருடைய கிட்டாரையும் மியூட் செய்து, பேஸ் என்ற கீழ்ச்சுர இசையையும் குரலையும் மட்டும் விட்டேன். இன்றுவரை நான் செய்த ஒரே உருப்படியான ரீமிக்ஸ் அதுதான். அதில் என் சுரம் ஒன்றுகூடக் கிடையாது!

*

ரெஸ்னர் பாட்டை நீங்கள் ரீமிக்ஸ் செய்த கதையைப் படித்தேன். உங்களுக்காவது அது சும்மா கிடைத்தது. 2008 ஏப்ரலில் ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழு 'நியூட்' பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், கிட்டார், மற்றவை என்று ஐந்து ஸ்டெம்மாக, அதாவது தனித்தனி ஒலிப்பதிவாக, ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடையில் விற்றார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை விட்டு ஐந்தையும் வாங்கினேன்.

பாட்டு மெதுவாக நகரும் 6/8, மூன்று மூன்றாக எண்ணும் தாளம். நம்ம ஆட்களுக்குத் திஸ்ரம் புதிதா என்ன? ஆனால் என்னிடம் இருந்த லூப் எல்லாம் நாலு நாலாக எண்ணும் 4/4. குரலை இழுத்துப் பொருத்தினால் குழறியது, இழுக்காமல் விட்டால் தாளம் தப்பியது. சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அதற்குள் கிளாஸ்கோவில் கலைப்பள்ளி மாணவர் ஜேம்ஸ் ஹூஸ்டன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை டிரம்ஸாகவும் ஸ்கேனரை பேஸாகவும் வைத்து அதே பாட்டை வாசிக்கவைத்து வீடியோ போட்டுவிட்டார். அதைப் பார்த்த அன்று என் ரீமிக்ஸ் கோப்பினை மூடியவன்தான், மறுபடி திறக்கவில்லை.

*

உங்கள் இருவர் கதையையும் படித்தேன். நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அதே 2008இல் ரெஸ்னர் 'கோஸ்ட்ஸ்' என்று 36 வாத்திய இசைத் துண்டுகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார். பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மாற்றியதை அதே உரிமத்தில்தான் தரவேண்டும், வியாபாரத்துக்கு ஆகாது. நான் 'இலவசம்' என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். அதில் ஒன்றை ரீமிக்ஸ் செய்து, காசு வாங்கி எடுத்த கல்யாண வீடியோவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் டிவிடியைத் திரும்பக் கேட்டு நின்றேன். காபி கொடுத்தார்கள். டிவிடி மட்டும் வரவில்லை.