கடற்கோட்டைப் படத்துக்கு என்ன எழுதுவது?

உறவுகளே, வணக்கம்.

நம் ஊர்காவற்றுறை ஆண்டு மலரின் அட்டைக்குத் தெரிந்தெடுத்த படம் நல்ல வடிவு. காரைநகர்ப் பக்கமிருந்து கடல் கடக்கிற மிதவைப் பாதையில் வரும்போது கோட்டை தண்ணீரில் மிதக்கிற மாதிரித் தெரியுமே, அதே காட்சி. என் மனவருத்தமெல்லாம் கீழே போட்டிருக்கிற வரியில்தான்: “ஒல்லாந்தர் கட்டிய ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை”. அச்சுக்குப் போக முன் அதை மாற்றவேண்டும்.

கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1619இல் அரசன் சங்கிலியனிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, குடாநாட்டுக்கு உள்ளே போகிற கடல்வாயைக் காவல் காக்கத்தான் இந்த மணல்திட்டில் முருகைக்கல்லால் கோட்டை எழுப்பினார்கள். அவர்கள் மொழியில் ‘காயிஸ்’ என்றால் இறங்குதுறை. ஆங்கிலத்தில் நம் ஊருக்கு இன்றைக்கும் இருக்கிற ‘கைற்ஸ்’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

ஒல்லாந்தர் வந்தது 1658இல். அவர்களின் தளபதி றிக்லொவ் வான் கூன்சின் படை முதலில் மன்னாரைப் பிடித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. நம் கடற்கோட்டையோ சுமார் இரண்டு கிழமையில் சரணடைந்தது. கோழைத்தனம் என்று நினைக்கவேண்டாம். நாலு பக்கமும் உப்புத் தண்ணீர். திட்டில் கிணறு தோண்டி நல்ல தண்ணீர் எடுக்க வழியில்லை. உள்ளே இருந்தவர்கள் தொட்டியில் சேர்த்து வைத்த தண்ணீரை நம்பித்தான் இருந்தார்கள். பீரங்கி அடியில் அந்தத் தொட்டி உடைந்தது. அப்புறம் குடிக்க ஒன்றுமில்லை. தீவில் பிறந்த நமக்கு நல்ல தண்ணீரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. அப்பு வண்டிலில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு ஒல்லாந்தர் கோட்டையைத் திருத்திப் பலப்படுத்தி, ‘ஹம்மன்ஹீல்’ என்று பெயரும் வைத்தார்கள். பன்றித்தொடையின் குதிக்கால் என்று அர்த்தம். இலங்கைப் படத்தைப் பார்த்து நாங்கள் மாங்காய் என்று படித்தோம். அவர்கள் கண்ணுக்கு அது உப்புப் போட்டுக் காயவைத்த பன்றித்தொடை; கோட்டை இருக்கிற இடம் அதன் குதிக்கால். பசியோடு பார்த்திருப்பார்கள் போல! 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பிறகு சிறையாகவும், தொற்றுநோய்க்காரரை ஒதுக்கி வைக்கிற இடமாகவும் இருந்தது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) காரரையும் அங்கே அடைத்தார்கள். இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. நாம் சின்னனில் எட்டி நின்று பார்த்த இடத்தில் காசு கொடுத்துத் தங்கலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோட்டையைப் போட்டால் ஊரின் பழமை தெரிந்துவிடும் என்று மலர்க்குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். துறைக்கு முன்னால் கோட்டை ஒரு சின்னப் பிள்ளை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு நயினாதீவு அம்மன் கோயிலில் இருக்கிறது. அதில் நம் துறையின் பெயர் ஊராத்துறை. பரதேசி வணிகர், அதாவது பிறநாட்டு வணிகர், அங்கே வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானை, குதிரை கொண்டு வருகிற மரக்கலம் உடைந்து கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு என்றால் சரிபாதி. சிங்கள அரசன் நம் துறைக்கு வருகிறவர்களுக்காகத் தமிழில் சட்டம் வெட்டி வைத்திருக்கிறான்! போர்த்துக்கேயர் வருவதற்குச் சுமார் 400 வருடம் முன்னரே கப்பல் வந்து போன இடம் இது. வன்னி யானைகளைக் கப்பலேற்றியதும் இதே துறையில்தான்.

ஆகவே, மலர்க்குழுத் தம்பிமாரே, படத்தின் கீழே இப்படிப் போடுங்கள்: “ஊராத்துறையின் வாசலில் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை.” வரி நீளம் என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள். கல்வெட்டின் நல்ல படம் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கு முன் அனுப்பிவிடுங்கள். உள்பக்கத்தில் அரைப் பக்கம் இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.